கலந்த ஊசி மருந்தும் திறந்த குப்பியும்: எவ்வளவு காலம் பயன்படுத்தலாம்?

ஒரே குப்பியிலிருந்து பல முறை மருந்து எடுக்கும்போது, ஒவ்வொரு முறையும் ஊசி அதன் ரப்பர் மூடியைத் துளைத்துச் செல்கிறது. அவ்வழியே கிருமிகளும் உள்ளே செல்லக்கூடும். கிருமி கலந்த மருந்து பெரும்பாலும் தெளிவாகவே தோன்றும். ஆகவே, குப்பி பாதுகாப்பானதா என்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய இயலாது. அது எப்போது கலக்கப்பட்டது அல்லது திறக்கப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்வதே முதல் பாதுகாப்பு.

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் ஜீப்பில் செல்வோருக்கும், தோட்டக் குடியிருப்புகளில் தங்கியிருப்போருக்கும் மருத்துவமனை தொலைவில் இருக்கலாம். அதனால் மிஞ்சிய மருந்தைச் சேமித்து வைக்கும் எண்ணம் எழுவது இயல்பு. எதைச் சேமிக்கலாம், எதைச் சேமிக்கக்கூடாது என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

குப்பிகளின் வகைகள்

• பதப்பொருள் சேர்த்த பல முறைக் குப்பி: கிருமி வளர்ச்சியைத் தடுக்கும் பொருள் இதில் உள்ளது. இன்சுலின் குப்பி இவ்வகையைச் சேர்ந்தது. திறந்த பின் சில வாரங்கள் பயன்படுத்தலாம்.

• பதப்பொருள் இல்லாத, கலந்து போடும் பல முறைக் குப்பி: பிசிஜி, தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசிகள் தூளாக வருகின்றன. கரைப்பானுடன் கலந்த 4 மணி நேரத்திற்குள் பயன்படுத்த வேண்டும். மீதியை அகற்றிவிட வேண்டும்.

• ஒரு முறைக் குப்பி: தூளாக வரும் பல ஆன்டிபயாட்டிக் ஊசி மருந்துகள் இவ்வகையின. மிஞ்சியதை மறுநாளுக்கு என்று வீட்டில் வைக்கக்கூடாது.

தடுப்பூசி போடும் இடத்தில்

முகாம் முடியும் நேரத்தில் நீங்கள் குழந்தையுடன் வரும்போது, குப்பியில் மருந்து இருந்தும் செவிலியர் அதை அகற்றுவதைக் காணலாம். அது வீணடிப்பு அன்று. உங்கள் குழந்தைக்கான பாதுகாப்பு. 2017இல் தெற்கு சூடானில், தட்டம்மைத் தடுப்பூசி கலப்பதற்கு ஒரே சிரிஞ்சு திரும்பத் திரும்பப் பயன்படுத்தப்பட்டது. மருந்தும் குளிரில் வைக்கப்படவில்லை. கிருமித்தொற்று ஏற்பட்டு 15 குழந்தைகள் இறந்தனர். தவறு தடுப்பூசியில் இல்லை. அதைக் கலந்து கையாண்ட முறையிலேயே இருந்தது.

“இம்மருந்து எப்போது கலக்கப்பட்டது?” என்று செவிலியரிடம் தயங்காமல் கேளுங்கள். கலந்த நேரத்தைக் குப்பியின் மீது எழுதுவது நடைமுறையாகும். நாய்க்கடிக்காகத் தோலுக்குள் போடப்படும் தடுப்பூசியிலும் ஒரு குப்பி பலருக்குப் பகிரப்படுகிறது. கலந்த பின் அதை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்து, 6 முதல் 8 மணி நேரத்திற்குள் பயன்படுத்த வேண்டும். மலைப்பகுதியின் இயல்பான குளிர் இதற்குப் போதாது.

வீட்டில் இன்சுலின் குப்பி

1. முதன்முறை ஊசி செலுத்தும் நாளிலேயே தேதியைக் குப்பியின் மீது எழுதுங்கள்.

2. ஒவ்வொரு முறையும் கைகளைச் சோப்பால் கழுவுங்கள். ரப்பர் மூடியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துத் தானாக உலர விடுங்கள், வாயால் ஊதக்கூடாது.

3. புதிய, கிருமி நீக்கிய சிரிஞ்சையே பயன்படுத்துங்கள். ஊசியை மூடியில் செருகியபடி விட வேண்டாம். சிரிஞ்சில் எடுத்த மருந்தைக் குப்பிக்குள் திரும்பச் செலுத்தவும் வேண்டாம்.

4. கலங்கலான இன்சுலினை உள்ளங்கைகளுக்கு இடையே மெதுவாக உருட்டிக் கலக்குங்கள்; வேகமாகக் குலுக்கக்கூடாது. இருவகை இன்சுலினை ஒரே சிரிஞ்சில் எடுக்குமாறு மருத்துவர் கூறியிருந்தால், தெளிவானதை முதலிலும் கலங்கலானதைப் பின்னரும் எடுங்கள். இல்லையேல் தெளிவான இன்சுலின் குப்பி கெட்டுவிடும்.

5. ஒருவரின் குப்பியை வேறொருவர் பயன்படுத்தக்கூடாது.

திறந்த குப்பியைப் பல வகை இன்சுலினில் 28 நாட்கள் வரை பயன்படுத்தலாம். சில வகைகளில் 6 வாரம் வரை. உங்கள் மருந்துடன் வரும் தாளில் உள்ள அளவையே பின்பற்றுங்கள். மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள 10 மில்லிலிட்டர் குப்பியில் 400 யூனிட் இருக்கும். நாளொன்றுக்கு 10 யூனிட் போடுபவர் 28 நாட்களில் 280 யூனிட் மட்டுமே பயன்படுத்துவார். 28 நாள் வரம்புள்ள மருந்தெனில், மீதமுள்ள 120 யூனிட்டை மனம் வருந்தினாலும் அகற்றத்தான் வேண்டும். புதிய குப்பியை முன்கூட்டியே பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில், குப்பியை ஈரம் புகாத பையிலிட்டு, நீரால் நனைத்த மண்பானைக்குள் நிழலில் வையுங்கள். குளிர்பதனப் பெட்டி இருந்தால், உறைபெட்டியில் வைக்காதீர்கள்; உறைந்த இன்சுலின் பயன்படாது. ஜீப்பில் செல்லும்போது எஞ்சினுக்கு அருகிலோ, கண்ணாடியையொட்டி வெயில் படும் இடத்திலோ வைக்காமல் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள்.

உடனே உதவி நாட வேண்டிய அறிகுறிகள்

• ஊசி போட்ட இடத்தில் பெருகும் வீக்கம், சீழ், கடும் வலி.
• தடுப்பூசி போட்ட சில மணி நேரத்தில் குழந்தைக்குக் கடும் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மிகுந்த சோர்வு.
• தெளிவாக இருக்க வேண்டிய மருந்து கலங்குதல், கட்டி தோன்றுதல். அக்குப்பியைப் பயன்படுத்தாதீர்கள். ஆனால் இன்சுலினையும் நிறுத்திவிடாமல், அன்றே மாற்றுக் குப்பி பெறுங்கள்.

அவசர நிலையில் 108ஐ அழையுங்கள். ஐயங்களுக்குத் தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணை அழைக்கலாம். உங்கள் கிராம சுகாதார செவிலியரையும் கேட்கலாம். குப்பி திறந்த தேதி தெரியாவிட்டால், அதைப் பயன்படுத்தாமல் விடுவதே பாதுகாப்பானது.