இழை எண்ணிப் பழகுவோம்

"இயந்திரப் பூவேலை கடையில் மலிவாகக் கிடைக்கிறதே, கையால் தைக்க எதற்குக் கற்க வேண்டும்?" இன்றைய கருத்துக்களத்தில் எனக்குத் தரப்பட்ட கேள்வி இது.

பதில் தேடி நீலகிரிக்குப் போவோம். உதகமண்டலத்தைச் சுற்றி வாழும் தோடர் இனத்தவர் 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 2,000 பேர்தான். எருமை வளர்த்து வாழ்ந்த மக்கள். அவர்கள் போர்த்தும் வெள்ளைப் பருத்திப் போர்வைக்குப் பூத்துக்குளி என்று பெயர். அதில் சிவப்பு, கறுப்பு நூலால் பூவேலை செய்பவர்கள் பெண்கள்.

துணியில் கோடு வரைவதில்லை. சட்டத்தில் இழுத்துக் கட்டுவதுமில்லை. நெய்த இழைகளை எண்ணி, இத்தனை இழை மேலே, இத்தனை இழை கீழே என்று ஊசியைச் செலுத்துகிறார்கள். எருமைக் கொம்பும் மலையும் கதிரவனும் அப்படித்தான் உருவாகின்றன. புள்ளிக் கோலம் போடும் நம் பெண்களுக்கு இது உடனே விளங்கும். ஓர் இழை தவறினால் அடுத்த வரிசையும் கோணும். தவறிய இடம்வரை பிரித்துவிட்டுத்தான் தொடர வேண்டும். தாயின் அருகில் அமர்ந்து மகள் கற்றுவந்த கணக்கு இது.

பாலஸ்தீனப் பெண்களின் 'தத்ரீஸ்' பூவேலையிலும் இழை எண்ணித் தைப்பதே முக்கியம். அங்கே நூல் பெருக்கல் குறிபோல் குறுக்கே விழும். முன்பெல்லாம் ஆடையின் பூவேலையைப் பார்த்தே அணிந்தவரின் ஊரைச் சொல்லிவிடுவார்களாம். 1948-இல் ஊரை இழந்து அகதி முகாம்களுக்கு வந்த பெண்கள் அங்கும் ஊசியை விடவில்லை. பலருக்கு அதுவே வருமானமானது. இப்பூவேலையை 2021-இல் யுனெஸ்கோ மனிதகுலப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

தோடர் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. போலிப் பொருளை அந்தப் பெயரில் விற்பதைத் தடுக்க இது உதவும். ஆனால் கைப்பழக்கத்தைக் காப்பாற்ற, கற்பவர் வேண்டும். பல நாள் உழைப்புக்கு நியாயமான விலையும் வேண்டும். இல்லையேல் மகள் ஊசியைத் தொடமாட்டாள்.

சுங்கை செம்பிலாங்கிலும் கோலா சிலாங்கூர் சுற்றுவட்டாரத்திலும் இருக்கும் நேயர்களே, தோட்டத்து லயங்களை விட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் நம்மிடையே பல. ஊர் கலையும்போது எது கையோடு வரும், எது விட்டுப்போகும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

பாலாய் ராயாவில் மாதம் இரண்டு ஞாயிறு ஒதுக்குங்கள். இழை தெளிவாகத் தெரியும் பருத்தித் துணி, முனை மழுங்கிய ஊசி, இரண்டு நிற நூல் இருந்தால் தொடங்கிவிடலாம். முதலில் ஒரே ஒரு வரிசை தைத்துப் பழகுங்கள். தோடர் வடிவமோ பாலஸ்தீன வடிவமோ, அது யாருடையது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பிறகு பாட்டியை அழைத்து, அவர் வாசலில் போட்ட கோலத்தைத் துணியில் எண்ணச் சொல்லுங்கள்.

பூவேலைத் துணி கடையில் கிடைக்கும். பாட்டியின் கணக்கைப் பாட்டியிடம்தான் கேட்டுப் பெற வேண்டும்.