நம் ஊர், நம் உரிமை – 9: செங்கோல் மேயரிடம், கையெழுத்து யாரிடம்?

சென்ற வாரம் வார்டு கவுன்சிலரின் வேலையைப் பார்த்தோம். இந்த வாரம் மேயர்.

சென்னையில் உங்கள் தெருவில் மழைத்தண்ணீர் தேங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. அந்தத் தண்ணீரோடு கலந்து பொங்கி வரும் சாக்கடை, 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. சாலை போடுவது மாநகராட்சி. போட்ட சாலையைக் குழாய்க்காகத் தோண்டுவது வாரியம், கேபிளுக்காகத் தோண்டுவது மின்வாரியம். அடுக்குமாடிக்கு அனுமதி தருவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. இதில் எது கெட்டாலும் ஜனங்கள் கேட்பது ஒரே கேள்வி: “மேயர் என்ன செய்கிறார்?”

கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் மேயருக்கு என்ன கொடுத்திருக்கிறோம் என்றும் பார்க்க வேண்டும். சிவப்பு அங்கி, தங்கச் சங்கிலி, வெள்ளிச் செங்கோல், மரியாதை அடைமொழி எல்லாம் உண்டு. நிர்வாக அதிகாரம் மட்டும் அரசு நியமிக்கும் ஐ.ஏ.எஸ். அதிகாரியான ஆணையரிடம் இருக்கிறது. கோப்பில் கையெழுத்திடுபவரும் ஊழியர்களை வேலை வாங்குபவரும் அவர்தான். 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் குடிநீர், நகரத் திட்டமிடல் உட்பட 18 பணிகளைப் பட்டியலிட்டது. அவற்றை உள்ளாட்சிக்குக் கொடுத்தே தீர வேண்டும் என்று சொல்லாமல், மாநில அரசுகளின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. எந்தக் கட்சி ஆண்டாலும் கோட்டை தன் பிடியைத் தளர்த்தியதில்லை.

அப்படியானால் மேயர் வெறும் அலங்காரமா? இல்லவே இல்லை. அவருடைய பலம் மாமன்றம். 200 வார்டுகளின் கவுன்சிலர்கள் கூடும் அந்த அவைக்கு அவரே தலைவர். பட்ஜெட் அங்கேதான் நிறைவேற வேண்டும்; பெரிய ஒப்பந்தங்களும் அங்கே வந்தாக வேண்டும். கேள்வி நேரத்தில் ஒரு கவுன்சிலர் எழுந்து, “என் வார்டில் வடிகால் வேலை பாதியில் நிற்கிறது, ஒப்பந்தக்காரர் யார்?” என்று கேட்டால் எல்லார் முன்னிலையிலும் பதில் சொல்லியாக வேண்டும். அதிகாரிகளை உட்காரவைத்து அந்தப் பதிலை வாங்கித் தருவதுதான் மேயரின் முதல் கடமை என்பேன். திறப்பு விழாக்கள் அதற்கு அப்புறம்.

மாமன்றம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையே சாட்சி. 1688-இல் தொடங்கிய, இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சி இது. 1973-இல் மஸ்டர் ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு) ஊழல் புகாரில் மாமன்றம் கலைக்கப்பட்டது. மறு தேர்தல் நடந்தது 1996-இல். மக்களே நேரடியாக வாக்களித்து மு.க.ஸ்டாலினை மேயராக்கிய தேர்தல் அது. நடுவில் 23 ஆண்டுகள் அதிகாரிகள் ஆட்சி!

ஐந்தாண்டு முடியும் முன் தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்லும் காலத்திலும் மாமன்றம் இல்லாத நிலை திரும்ப வந்தது. 2016 அக்டோபரில் மாமன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான். அந்த இடைவெளியில் 2018-இல் சொத்து வரி உயர்ந்தது, 2019 கோடையில் ஏரிகள் வறண்டு ஜனங்கள் குடங்களோடு லாரிக்குக் காத்து நின்றார்கள், பிறகு கொரோனா வந்தது. “இது சரியில்லை” என்று எழுந்து பேச மாநகராட்சியின் ரிப்பன் மாளிகையில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை.

2022 மார்ச்சில் பதவியேற்ற ஆர்.பிரியா, தாரா செரியன், காமாட்சி ஜெயராமனுக்குப் பிறகு மூன்றாவது பெண் மேயர். இந்த நாற்காலியில் அமர்ந்த முதல் தலித் பெண். அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் கவுன்சிலர்கள். 2001, 2011 தேர்தல்களில் 1996-ஐப் போல மக்களே மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-இலும் 2022-இலும் அந்த உரிமை மக்களிடம் இல்லை. ஊர் முழுவதும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மேயரை ஒரு துறைச் செயலாளர் அவ்வளவு சுலபமாகத் தட்டிக்கழிக்க முடியாது. நேரடித் தேர்தல் நிரந்தரமாக வேண்டும். குடிநீர் வாரியமும் மாமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அடுத்த முறை உங்கள் பகுதிக்கு வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம், எந்தக் கட்சியானாலும், இந்த இரண்டையும் கேளுங்கள்.

(தொடரும்)