எழுதுகோல் பிடிக்க இயலாத மாணாக்கரும் கணினியும்

எலவனாசூர்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நாம் கண்டது இது. மூளை முடக்குவாதத்தால் கைகள் கட்டுக்கடங்காத சிறுவன் ஒருவனுக்கு, கரும்பு விற்ற பணத்தில் மடிக்கணினி வாங்கித் தந்திருந்தார் தந்தை. ஒரு விசையைத் தொட முயன்றால் நான்கு விசைகள் அழுந்தின. கணினி பரண் ஏறிற்று; பையனும் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டான்.

நுகத்தடியை மாட்டின் கழுத்துக்கேற்ப இழைக்கிறோமேயன்றி, கழுத்தை நுகத்தடிக்கேற்ப வளைப்பதில்லை. இதுவும் அத்தகையதே. பிள்ளைக்கு எந்த அசைவு தவறாமல் வருகிறதென்பதை முதலில் அறிதல் வேண்டும், கருவி பிறகு.

ஒரு விரல் நன்கு இயங்குமாயின் செலவே இல்லை. விண்டோஸ் கணினியில் ஷிப்ட் விசையை ஐந்து முறை தொடர்ந்து அழுத்தி, திரையில் தோன்றும் வினாவுக்கு இசைவு தெரிவித்தால், சேர்த்து அழுத்த வேண்டிய விசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தலாம். கை நடுங்குவோர்க்கு, விசைப்பலகையின்மேல் துளையிட்ட தகடு ஒன்றைப் பொருத்தினால் உள்ளங்கை அதன்மேல் தங்கும். விரல் துளைவழி ஒரு விசையை மட்டுமே தொடும். நம்மூர்த் தச்சரே அளவெடுத்துச் செய்யத்தக்கது இது.

ஓர் அசைவு மட்டுமே உண்டெனில்? சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அனில் பிரபாகர் குழுவினர் உருவாக்கிய 'அதிதி' என்னும் கருவி, அருகில் கையோ காலோ தலையோ அசைவதைத் தொடாமலே உணர்ந்து, அதனை ஒரு சொடுக்காகக் கணினிக்குத் தெரிவிக்கும். ஒரே சொடுக்கால் எழுதுவது எங்ஙனம் எனலாம். திரையில் எழுத்து வரிசைகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய வரிசை ஒளிர்கையில் பிள்ளை அசைந்தால், அவ்வரிசையின் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும். மீண்டும் ஓர் அசைவு, எழுத்து விழும். மெதுவான வேலைதான். அருகிருப்போர் பொறுமையிழந்து தாமே எழுதி முடிப்பதுண்டு, அது கூடாது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடைய மாணாக்கர்க்கு, 18 வயதுவரை தக்க உதவிக் கருவிகளை விலையின்றி வழங்க வழிசெய்யுமாறு பணிக்கிறது. அக்கடமை அரசுக்கு மட்டுமன்று, உள்ளாட்சி அமைப்புகளுக்கும் உரியது. ஊராட்சியும் அவற்றுள் ஒன்று என்பதை உறுப்பினர்கள் கருதுக.

ஆகவே கடையில் வாங்குமுன் வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநரை அணுகுக. போகும்போது பிள்ளையை அன்றாடம் பார்த்துக்கொள்பவரையும் அழைத்துச் செல்க. மேற்சொன்ன பையன் தொலைக்காட்சி ரிமோட்டை வலக்காற் பெருவிரலால் அழுத்துகிறான் என்பதை நமக்குச் சொன்னவர் அவனுடைய பாட்டியே.