நேராக மறுத்த சாலை!

'பிராட்வே' என்றதும் சென்னைக் குழந்தைகளுக்குப் பாரிமுனைப் பக்கத்துச் சாலைதான் நினைவுக்கு வரும். அதற்குப் பிரகாசம் சாலை என்று பெயர் வைத்த பிறகும் பலர் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். ஆனால், இன்று நாம் பார்க்கப் போவது அமெரிக்காவின் நியூயார்க் நகரில் உள்ள பிராட்வே. உலகப் புகழ் பெற்ற சாலை அது.

கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கின் மையமான மன்ஹாட்டன் தீவின் பெரும்பகுதி இந்தத் தாளைப் போலத்தான் இருக்கும். மேலும் கீழுமாகப் போகும் கோடுகள் 'அவென்யூ'க்கள். குறுக்குக் கோடுகள் 'ஸ்ட்ரீட்'டுகள். பலவற்றுக்குப் பெயர் கிடையாது, எண்தான். 'ஐந்தாம் அவென்யூ, 42-ஆம் தெரு' என்று சொன்னால் போதும், யாரிடமும் வழி கேட்காமல் போய்விடலாம்.

இப்போது பென்சிலால் கீழே வலப்பக்கத்தில் தொடங்கி மேலே இடப்பக்கமாக ஒரு சாய்கோடு போடுங்கள். கட்டங்களை வெட்டிக்கொண்டு கோணலாகப் போகிறதா? அதுதான் பிராட்வே!

எல்லாத் தெருவும் ஒழுங்காக இருக்க, இது மட்டும் ஏன் கோணல்? ஏனென்றால், நகரத்தை விட இதற்கு வயது அதிகம். ஐரோப்பியர்கள் வருவதற்கு முன்பு அந்தத் தீவு லெனாபே என்ற பூர்வகுடி மக்களின் மண். காடும் குன்றும் ஓடையுமாக இருந்த இடத்தில், அவர்கள் நடந்து நடந்து உண்டான ஒரு பாதை இருந்தது. காலால் நடக்கிறவர்கள் அளவுகோல் வைத்தா நடப்பார்கள்? மேட்டைச் சுற்றி, சதுப்பு நிலத்தை விட்டு விலகி வளைந்துதான் போவார்கள். நம் ஊர் ஒற்றையடிப் பாதையும் அப்படித்தானே! பிறகு வந்த டச்சுக்காரர்கள் தங்கள் ஊருக்குள் அந்தப் பாதையை அகலப்படுத்தினார்கள். 1664-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 'பிராட்வே' என்றால் 'அகலமான வழி' என்று பொருள்.

1811-இல் நகரத்துக்கு ஒரு பெரிய திட்டம் போட்டார்கள். 12 அவென்யூக்கள், 155 குறுக்குத் தெருக்கள், எல்லாம் நேர்கோடு. குன்றுகளை வெட்டினார்கள், ஓடைகளைத் தூர்த்தார்கள். வடக்கே போன பழைய வழிக்கு அந்த வரைபடத்தில் இடமே இல்லை. ஆனால், ஜனங்கள் அந்த வழியை விடவில்லை. வண்டிகள் அதிலேயே ஓடின. சில இடங்களில் நேராக்க முடிந்ததே தவிர, முழுவதும் அழிக்க முடியவில்லை.

மீண்டும் உங்கள் நோட்டைப் பாருங்கள். சாய்கோடு ஒவ்வோர் அவென்யூவையும் வெட்டும் இடத்தில் முக்கோண மூலைகள் தெரிகின்றன அல்லவா? பிராட்வேயின் அழகே அங்கேதான். ஐந்தாம் அவென்யூவை வெட்டும் இடத்தில், 1902-இல் 'பிளாட்அயர்ன்' என்ற 22 மாடிக் கட்டடம் எழுந்தது. துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டி போன்ற வடிவம். அதன் கூர் முனையின் அகலம் இரண்டு மீட்டர்தான்! பலத்த காற்றில் விழுந்துவிடும் என்று அந்தக் காலத்தில் பந்தயம் கட்டினார்களாம். அது இன்னும் நிற்கிறது.

ஏழாம் அவென்யூவை வெட்டும் இடம் டைம்ஸ் சதுக்கம். சதுக்கம் என்று பெயர்தானே தவிர, அது சதுரமே இல்லை! 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழின் அலுவலகம் அங்கே வந்ததால் 1904-இல் இந்தப் பெயர் கிடைத்தது. 1907 முதல் புத்தாண்டு இரவில் அங்கே கம்பத்திலிருந்து ஓர் ஒளிப்பந்தை இறக்குகிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது, 1942, 1943 ஆகிய ஆண்டுகளில் மட்டும் பந்து இறங்கவில்லை. கூடிய மக்கள் ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள்.

சுற்றிலும் நாடக அரங்குகள். நம் ஏ.ஆர். ரகுமான் இசையமைத்த 'பாம்பே ட்ரீம்ஸ்' 2004-இல் இங்கேதான் மேடையேறியது.

2009-இல் ஒரு வேடிக்கை நடந்தது. டைம்ஸ் சதுக்கத்தில் பிராட்வேயில் கார்கள் போகக் கூடாது என்று தடுத்துவிட்டு, நடுத்தெருவில் மடக்கு நாற்காலிகளைப் போட்டார்கள். மக்கள் வந்து காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்கள்! மறு ஆண்டே அந்த ஏற்பாட்டை நிரந்தரமாக்கிவிட்டார்கள். நடந்து போனவர்கள் உண்டாக்கிய வழியில், அந்த இடமாவது நடப்பவர்களுக்கே திரும்பக் கிடைத்தது.

முதலில் நடந்த லெனாபே மக்கள் என்ன ஆனார்கள்? அவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அந்த மண்ணை விட்டே விரட்டிவிட்டார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் இன்று வெகு தொலைவில், ஓக்லஹோமா மாநிலத்திலும் கனடா நாட்டிலும் வாழ்கிறார்கள். பிராட்வே தொடங்கும் தென்முனையில், ஒரு காலத்தில் சுங்க அலுவலகமாக இருந்த பெரிய கட்டடம் இருக்கிறது. 1994 முதல் அங்கே அமெரிக்கப் பூர்வகுடி மக்களுக்கான அருங்காட்சியகம் நடக்கிறது. உள்ளே போகக் கட்டணம் கிடையாது.