கூட்டுச் சோதனையும் நோய்க் கணக்கும்

பானைச் சோற்றுக்கு ஒரு பருக்கை பதம். ஏனெனில், பானை முழுவதும் ஒரே நெருப்பில் வேகிறது. நோய் அவ்வாறு சீராகப் பரவுவதில்லை. ஆயிரவருள் பத்துப் பேரை மட்டும் பற்றிய நோயை ஓரிருவரைச் சோதித்து அறிய இயலாது. அனைவரையும் தனித்தனியே சோதிக்கவோ பொருளும் காலமும் இடம் தருவதில்லை. இவ்விடர்ப்பாட்டுக்குப் புள்ளியியல் காட்டிய வழியே கூட்டுச் சோதனை.

தோற்றம்

இரண்டாம் உலகப் போரின்போது, அமெரிக்கப் படையில் சேர வந்தோருக்குச் சிபிலிஸ் என்னும் மேகநோய்க்கான குருதிச் சோதனை செய்யப்பட்டது. நோயுற்றோர் சிலரே, சோதனைகளோ பல. இராபர்ட் டார்ஃப்மன் 1943இல் இதற்கொரு மாற்றுமுறையை முன்மொழிந்தார். பலரது குருதியில் சிறு பகுதியை ஒன்றாகக் கலந்து சோதிக்க வேண்டும். நோய்க்குறி இல்லையெனில் அக்குழுவினர் அனைவரும் நோயற்றோர். இருப்பின், அக்குழுவினரை மட்டும் தனித்தனியே சோதித்தல் வேண்டும்.

ஆயிரம் பேரைப் பதின்மர் கொண்ட 100 குழுக்களாகப் பிரிப்போம். நோயுற்றோர் பத்துப் பேர் எனில், மிகுதியாகப் பத்துக் குழுக்களே மறுசோதனைக்கு வரும். 100 கூட்டுச் சோதனைகளும் 100 தனிச் சோதனைகளும் போதும். 1000 சோதனைகளின் பணி 200இல் முடிந்துவிடும்.

பரவலை மதிப்பிடல்

நோயாளி இன்னார் என அறியாமலே நோயின் பரவலை மதிப்பிடவும் இம்முறை உதவுகிறது. 100 குழுக்களுள் 40இல் நோய்க்குறி தென்பட்டதாகக் கொள்வோம். நோயாளிகள் நாற்பதின்மர் எனக் கூறுதல் பிழை. ஒரே குழுவில் இருவரோ மூவரோ இருக்கலாம். ஆகவே, கணக்கு நோயற்ற குழுக்களிலிருந்து தொடங்குகிறது. குழு நோயற்றது எனில் அதன் பதின்மரும் நோயற்றோர். ஒருவர் நோயற்றிருப்பதற்கான நிகழ்தகவைப் பத்து முறை தன்னோடு தானே பெருக்கினால், குழு நோயற்றிருப்பதற்கான நிகழ்தகவு கிடைக்கும். இங்கு அது 0.60. அவ்வாறு பெருக்க 0.60 தரும் எண் ஏறத்தாழ 0.95. எனவே, நோய்ப்பரவல் ஏறத்தாழ 5 விழுக்காடு, ஆயிரவருள் ஐம்பதின்மர்.

எல்லைகள்

மிகப் பல மாதிரிகளைக் கலந்தால், கிருமியின் செறிவு குறைந்து நோயுள்ள குழுவும் நோயற்றதாகத் தோன்றக்கூடும். ஒரே வீட்டாரை ஒரே குழுவில் சேர்த்தால், ஒருவர் நிலை மற்றவரைச் சாராது என்னும் கணக்கின் அடிப்படையே தளரும். நோய் மிகுந்த இடத்தில் பெரும்பாலான குழுக்கள் மறுசோதனைக்கு வருவதால் சிக்கனமும் இல்லை. எனவேதான், 2020 ஏப்ரலில் கொரோனா பரவியபோது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐந்துக்கு மேற்பட்ட மாதிரிகளைக் கலக்க வேண்டா என்றும், பரவல் 5 விழுக்காட்டைக் கடந்த பகுதிகளில் இம்முறையைத் தவிர்க்க வேண்டும் என்றும் அறிவுறுத்தியது.

மிச்சமாகும் ஒவ்வொரு சோதனையும் காத்திருக்கும் இன்னொருவருக்குப் பயன்படும். தவறவிடப்படும் ஒரு நோயாளியோ தம்மை அறியாமலே நோயைப் பிறருக்குத் தருவார். குழுவின் அளவை முடிவுசெய்வோர் இவ்விரண்டையும் சீர்தூக்கியே கணக்கிடல் வேண்டும்.