இணையப் பக்கத் தலைப்புகளில் உச்சநிலைச் சொற்களும் தேடுபொறித் தரவரிசையும்

முன்னுரை

ஒரு பொருளை அதன் இனத்துள் எல்லாவற்றினும் மேலானதாகச் சுட்டும் சொற்களை உச்சநிலைச் சொற்கள் எனலாம். ‘மிகச் சிறந்த’, ‘தலைசிறந்த’, ‘மிகப் பெரிய’ முதலான இச்சொற்கள் இணையப் பக்கத் தலைப்புகளில் மிகுதியாக ஆளப்படுகின்றன. இவை பக்கத்தைத் தேடுபொறியின் முதல் வரிசைக்கு உயர்த்தும் என்னும் நம்பிக்கையும் நிலவுகிறது. அந்நம்பிக்கையின் பொருத்தத்தை இக்கட்டுரை தமிழ் இலக்கண நோக்கில் ஆராய்கிறது.

தேடுபொறியும் தலைப்பும்

செர்ஜி பிரின், லாரி பேஜ் ஆகியோர் கூகுளின் அமைப்பை விளக்கி 1998இல் வெளியிட்ட கட்டுரையிலேயே, தலைப்பில் வரும் சொற்கள் பிற சொற்களினின்று வேறுபடுத்திப் பதிவு செய்யப்படுவது கூறப்பட்டுள்ளது. எனவே தலைப்புச் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. ஆயினும் அம்மதிப்பு, தேடுவோர் இடும் சொல்லோடு தலைப்பு பொருந்தும்போதே பயன்படும். ‘சிறந்த’ என்னும் சொல் தேடலோடு பொருந்தலாம். பக்கத்தின் சிறப்புக்கு அது சான்றாகாது. தலைப்பு மிகைப்படுத்தலைத் தவிர்க்கிறதா என்பதும், உள்ளடக்கம் உருவாக்குவோருக்குக் கூகுள் வழங்கும் தன்மதிப்பீட்டு வினாக்களுள் ஒன்றாகும்.

எல்லை சுட்டலின் இன்றியமையாமை

ஆங்கிலத்தைப் போல உச்சநிலையைக் காட்டும் தனி விகுதி தமிழில் இல்லை. ‘மிக’ என்பது மிகுதியை உணர்த்துமேயன்றி, எவற்றினும் மிக்கது என்பதை உணர்த்தாது. அதனை உணர்த்த எல்லை சுட்டப்பெறல் வேண்டும். ஒப்பும் எல்லையும் ஐந்தாம் வேற்றுமையின் பொருள்களென நன்னூல் வகுத்திருப்பது இங்கு நினைக்கத்தக்கது.

சான்றாக, ‘மிக உயர்ந்த சிகரம்’ என்னும் தலைப்பு எதனையும் வரையறுப்பதில்லை. ‘நீலகிரியின் மிக உயர்ந்த சிகரம்’ எனின் அது 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவைக் குறிக்கும். ‘தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரம்’ எனின் 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியைக் குறிக்கும். எல்லை மாறப் பொருளும் மாறுகிறது. மேலும், ‘நீலகிரி’, ‘தென்னிந்தியா’ என்னும் எல்லைச் சொற்களே தேடுவோர் இடும் சொற்களாகவும் அமைகின்றன.

ஆய்வுத் தலைப்புகளுக்கும் இது பொருந்தும். ‘தலைசிறந்த சங்கப் பெண்பாற் புலவர்’ என்பது மெய்ப்பிக்க இயலாத கூற்று. ‘சங்கப் பெண்பாற் புலவருள் மிகுதியான பாடல்களைப் பாடிய ஔவையார்’ என்பதோ, அவர் பெயரில் அமைந்த 59 பாடல்களைக் கொண்டு சரிபார்க்கத்தக்கது. புலவர் பெயரைக் கொண்டு தேடும் மாணவருக்கு எட்டுவதும் இத்தலைப்பே.

முடிவுரை

உச்சநிலைச் சொல் தன்னளவில் தரவரிசையை உயர்த்துவதில்லை. எல்லையும் அளவுகோலும் சுட்டப்பெற்ற உச்சநிலைத் தொடர், தேடலுக்கும் வாய்மைக்கும் ஒருங்கே துணைபுரிகிறது. அவை இரண்டையும் சுட்ட இயலாதபோது அச்சொல்லைத் தலைப்பினின்று நீக்குவதே ஆய்வாளருக்குத் தக்கது.