கடற்கரைப் படகு மலையேறிய கதை

சித்திரை பிறந்தால் கோடைக்கானலில் ஒரே கூட்டம்! புதுமணத் தம்பதிகள் ஜோடி ஜோடியாக ஏரிக்கு வருவார்கள். கணவன் துடுப்புப் போடுவான். மனைவி தண்ணீரில் கை அளைவாள். படகு மெல்ல நகரும்.

இந்த ஏரிக்கு முதல் படகு எங்கிருந்து வந்தது தெரியுமா? தூத்துக்குடியிலிருந்து!

ஏரியே மனிதன் உண்டாக்கியதுதான். முன்பு அது சதுப்பு நிலம். மதுரை கலெக்டராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச் துரை, 1863-ம் ஆண்டில் அங்கே கரை கட்டி ஓடைத் தண்ணீரைத் தேக்கினார். பரப்பு சுமார் 60 ஏக்கர். நட்சத்திர வடிவம். அதில் மீன் விட்டார். தூத்துக்குடியிலிருந்து படகும் தருவித்தார்.

கடலோரத்துப் படகு 7 ஆயிரம் அடி உயரம் ஏறிவிட்டது!

தோள்கள் சுமந்தன

மலைக்கு மோட்டார் பாதை இல்லாத காலம் அது. துரைகளையும் துரைசானிகளையும் நாற்காலியில் வைத்து ஆட்கள் தூக்கிச் செல்வார்கள். மூட்டை முடிச்சும் தோளில்தான், தலையில்தான். ஏரி வெட்டிய கலெக்டரின் பெயர் நிலைத்தது. சுமந்தவர்களின் பெயர் யாருக்குத் தெரியும்?

1890-ல் படகுக் கழகம் தோன்றியது. ஆனால், சுற்றுலா வந்தவர்களுக்குப் படகு கிடைத்தது 1932-ல்தான்! இன்று யாரும் கட்டணம் கட்டி ஏறலாம்.

ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் மலைப் பாதையில் வெள்ளி அருவியாக விழுகிறது. ஏரியில் எறிந்த குப்பையும் அந்த வழியே போகும்.

படகில் ஏறும் தம்பதிகளே! துடுப்பைப் பிடிக்கும்போது அந்தத் தோள்களை ஒரு கணம் நினையுங்கள். காகிதத்தையும் பையையும் கையோடு கரைக்குக் கொண்டு வாருங்கள்!